ஒரே மிதி

டிரம்ஸில் கிங்ஸ்லி குச்சியைத் தட்டி நாலு எண்ணிவிட்டான். ஆரம்பித்தாகிவிட்டது, இனி நாலரை நிமிஷத்துக்கு யாரும் எதையும் நிறுத்த முடியாது. மாப்பிள்ளை கேட்ட பாட்டு. பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபம், மத்தியானம் பன்னிரண்டே கால், மேடையின் இடது ஓரத்தில் எங்கள் குழு, நடுவில் பெண்ணும் மாப்பிள்ளையும் சிவப்பு நாற்காலியில், பின்பக்கத்திலிருந்து பிரியாணி வாசம். என் விரல்கள் தம் பாட்டுக்குக் கம்பிகளைக் கிள்ளிக்கொண்டிருக்கின்றன, அவற்றைப் பற்றிக் கவலை இல்லை, இருபத்தாறு வருஷமாக அவை என்னைக் கேட்காமலே வேலை செய்கின்றன. கவலை கீழே. கீழே ஒரு அலுமினியப் பெட்டி, களாப்பழம் அளவுகூட இல்லாத ஒரு குமிழ், அதன் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு. இந்தப் பாட்டில் இரண்டே தடவை அதை மிதிக்க வேண்டும். இரண்டாவது இடையிசைக்கு முன்னால் ஒரு மிதி, பதினாறு தாளக்கட்டு தனி வாசிப்பு முடிந்ததும் இன்னொரு மிதி. அவ்வளவுதான். ஒரு பிள்ளைகூடச் செய்யும். நான் செய்ய வேண்டும், எனக்கு வலது கால் இருக்கும் இடம் தெரிய வேண்டும், தெரியவில்லை, குனிந்து பார்த்தால் கறுப்பு ஷூ ஒன்று தெரிகிறது, அதற்குள் கால் இருப்பதாக நம்பிக்கொண்டு நிற்கிறேன்.

நம்பிக்கைதான். ஆறு மாதமாக அப்படித்தான். முதலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது, பிறகு இரவெல்லாம் எரிந்தது, பிறகு ஒருநாள் எரியவில்லை, சரியாகிவிட்டது என்று நினைத்தேன், சந்தோஷப்பட்டேன்கூட. வீட்டுக்காரி புளோராவிடம் சொன்னேன், எரிச்சல் போயிட்டு புளோரா, அந்தத் தைலம் நல்லாக் கேட்டிருக்கு. அவள் அந்தத் தைலத்தை இன்னும் இரண்டு புட்டி வாங்கிவைத்தாள். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணை மூடச் சொன்னார். கையில் மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு துண்டு நைலான். "இதால உங்க பாதத்தைத் தொடுவேன், தொடும்போதெல்லாம் ஆமான்னு சொல்லுங்க." நான் கண்ணை மூடிக் காத்திருந்தேன். மின்விசிறி ஓடுகிறது, வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுகிறார்கள், இந்த அம்மா ஏன் இன்னும் ஆரம்பிக்கவில்லை, செல்போனைப் பார்க்கிறாரோ என்று நினைத்தேன். "கண்ணைத் திறங்க." "தொடலையே டாக்டர்?" என்றேன். "பத்து இடத்துல தொட்டுட்டேன்" என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் இருந்ததைக் கண்ணாடி வைத்துக் காட்டினார். என் காலில் இருந்த புண்ணை அவர் எனக்கு அறிமுகம் செய்துவைத்தார். சுகரால் நரம்பு செத்திருக்கிறது, திங்கட்கிழமை வந்து சேருங்கள், விட்டால் விரல் போகும், அதையும் விட்டால் பாதம் போகும். என்ன வேலை பார்க்கிறீங்க? கிட்டார் வாசிக்கேன். "நல்லவேளை, கை வேலை" என்றார்.

கை வேலை. முதல் சரணம் போய்க்கொண்டிருக்கிறது, ஹெலன் அக்கா கண்ணை மூடிப் பாடுகிறாள், வழக்கம்போலச் செருப்பைக் கழற்றி மேடைக்குக் கீழே விட்டுவிட்டு வெறுங்காலோடு நிற்கிறாள். டாக்டரம்மாவுக்கு எப்படிச் சொல்வேன், கிட்டாரில் பாதி கால் வேலை என்று? சத்தத்தைப் பெருக்குகிற ஆம்பில் மென்மையான இடத்துக்கு ஒரு சேனல், உறுமுகிற இடத்துக்கு இன்னொரு சேனல். அதை மாற்ற ஒரு மிதி. உறுமலைக் கூட்டுகிற பெடல், அதற்கு ஒரு மிதி. வாசித்தது திரும்பித் திரும்பிக் கேட்கிற மாதிரி செய்கிற டிலே பெடல், அதற்கு ஒரு மிதி. மென்மையில் இருந்து உறுமலுக்குப் போக மூன்று மிதி, அதுவும் ஒரு தாளத்துக்குள். அந்தக் காலத்தில் பார்க்காமலே செய்தேன். டக் டக் டக். கிங்ஸ்லி கேலி செய்வான், மாமா காலாலேயே தட்டச்சு அடிக்காக என்று. உள்ளங்காலில் குமிழ் அமுங்குவது தெரியும், ஒரு சின்ன நெளிவு, அந்த நெளிவுதான் எனக்குக் கண். அது போன பிறகு நான் குருட்டுக் காலோடு மூன்று குமிழைத் தேடினேன். தென்காசியில் இரண்டு அமுங்கி ஒன்று அமுங்கவில்லை, லீட், அந்தத் தனி வாசிப்பு, கொசு மாதிரி வந்தது. அடுத்த வாரம் சங்கரன்கோவிலில் அமுங்கியதா என்ற சந்தேகத்தில் இன்னொரு தரம் மிதித்து, திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல், ஹெலன் அக்கா தனியாக மெல்ல எடுக்க வேண்டிய வரியின் மேல் என் கிட்டார் ஊளையிட்டது. கல்யாண வீட்டில் ஒரு குழந்தை பயந்து அழுதது. தங்கையா அண்ணாச்சி திட்டவில்லை. குழுவை நடத்துகிறவர், கீபோர்டு அவர்தான், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சாமான் ஏற்றும்போது பக்கத்தில் வந்து, "சீலா, அந்த லீடை வேணும்னா நான் கீபோர்டுல வாசிச்சிக்கிடட்டுமா? உனக்கும் லேசா இருக்கும்லா" என்றார். லேசாக இருக்கும். என்னை அப்படியே லேசாகத் தூக்கி வேனுக்கு வெளியே வைத்துவிடலாம்.

சரணம் பாதி தாண்டிவிட்டது. விரல், விரல் சரியாக இருக்கிறது. பெட்டி எங்கே, அங்கேயேதான் இருக்கிறது, பச்சை. மீரானிடம் போனேன். மேலப்பாளையத்தில் ரேடியோ, ஆம்ப் எல்லாம் பார்க்கிறவன், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. மூன்றையும் ஒரே சுவிட்சில் கொண்டுவரணும்டே, ஒரு மிதியில சேனலும் மாறணும், ரெண்டு பெடலும் விழணும், திரும்ப ஒரு மிதியில எல்லாம் பழையபடி ஆகணும். அவன் பற்றவைக்கிற கம்பியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "எதுக்குல? மூணு சுவிட்ச அமுக்க உனக்கு என்ன கேடு?" நேரம் மிச்சமாகும்னு சொன்னேன். இப்ப எல்லாரும் அப்படித்தான் வச்சிருக்காங்கன்னு சொன்னேன். கால் எனக்குத் தெரியல மீரான் என்று சொல்ல வாயைத் திறந்து, டீ சொல்லு என்றேன். முதல் பெட்டி ஒத்துவரவில்லை. மிதித்திருக்கும் வரை சேனல் மாறியிருக்கும், காலை எடுத்தால் பழையபடி போய்விடும். மீரான் தலையைச் சொறிந்தான். உன் ஆம்புக்கு அமுக்கிப் பிடிச்சே இருக்கணும், உன் டிலேக்கு ஒரு தட்டு தட்டினாப் போதும், ரெண்டும் ரெண்டு சாதி, ஒரே சுவிட்சுக்கு எப்படில கட்டுப்படும்? மூன்று நாள் எடுத்தான். உள்ளே ரிலே வைத்தான், குட்டி குட்டிப் பெட்டிகள், மிதித்தால் எல்லாம் ஒன்றாக டிக் என்று சாய்கிற மாதிரி. டிலேயை எப்போதும் போட்டே வைத்துவிட்டு, அதற்குள் சத்தத்தை விடுவதா வேண்டாமா என்பதை ரிலே பார்த்துக்கொள்ளும் என்றான். பச்சை என்றால் மென்மை, சிவப்பு என்றால் உறுமல். கடையிலேயே வாசித்துப் பார்த்தேன். ஒரே மிதி, மொத்தமாகத் திறந்துகொண்டு வந்தது சத்தம். பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மீரான் தன் வேலைக்குக் கிடைத்த பாராட்டு என்று எடுத்துக்கொண்டான். எடுத்துக்கொள்ளட்டும். வாசலில் நின்று அவன் சொன்னது மட்டும் கூடவே வருகிறது. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சிக்கோ சீலா. முன்னால ஒண்ணு தப்பினா ஒண்ணுதான் தப்பும். இதுல தப்பினா எல்லாம் தப்பும்."

எல்லாம் தப்பும். மூன்று திங்கட்கிழமை தப்பிவிட்டது. முதல் திங்கள் ஒத்திகை. இரண்டாம் திங்கள் மழை. மூன்றாம் திங்கள் ஒன்றுமில்லை, சட்டையெல்லாம் போட்டுக்கொண்டு பேருந்து நிறுத்தம் வரை போனேன், ஆஸ்பத்திரி வழியாகப் போகிற பேருந்து வந்தது, அடுத்ததில் ஏறலாம் என்று நின்றேன், அடுத்ததும் வந்தது, அதற்கும் அடுத்ததில் என்று நின்றேன், பிறகு வீட்டுக்கு வந்து சுகர் கொஞ்சம் கூடுதல், நடக்கச் சொன்னாங்க என்று புளோராவிடம் சொன்னேன். அவள் மறுநாள் காலையிலிருந்து என்னோடு நடக்க வருகிறாள். பாவி, அந்தப் புண்ணோடு தினமும் நாலு கிலோமீட்டர் அவளோடு பேசிக்கொண்டே நடக்கிறேன். நீங்க இப்பதான் நல்லா நடக்கீங்க என்கிறாள். வலித்தால்தானே நொண்டுவதற்கு. கால்விரலை எடுத்துவிட்டால் எப்படி நிற்பேன், எடை எந்தப் பக்கம் சாயும், தோளில் நாலரைக் கிலோ கிட்டார், பெட்டியை இடது காலுக்கு மாற்றலாம், இடது காலும் குளிர ஆரம்பித்திருக்கிறது, குதிகாலால் மிதிக்கலாம், உட்கார்ந்து வாசிக்கலாம், மூலையில் ஒரு நாற்காலி போட்டு, கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பார்த்து இந்த ஆளுக்கு என்ன என்று, வேண்டாம், வேண்டாம், இப்போது எதற்கு, பல்லவி திரும்பிவிட்டது, இது முடிந்ததும் நாலு தாளக்கட்டு, நாலாவதின் கடைசியில் மிதி.

தங்கையா அண்ணாச்சி என்னைப் பார்க்கிறார். அவருடைய வலது கை கீபோர்டின் மேல்பக்கம் போய் ஒரு பொத்தானின் மேல் நிற்கிறது, எனக்குத் தெரியும் அது என்ன பொத்தான், கிட்டார் மாதிரி கத்துகிற சத்தம், நான் தவறவிட்டால் அவர் எடுத்துக்கொள்வார், நல்ல மனுஷன், எனக்காகத்தான் தயாராக நிற்கிறார். ஒன்று. கண் பெட்டியில். இரண்டு. காலைத் தூக்கு, தூக்கினேனா, ஷூ மேலே வருகிறது, தூக்கிவிட்டேன். மூன்று. முழங்காலிலிருந்து கணக்குப் போட வேண்டும், முழங்கால் இன்னும் என்னுடையதுதான். கர்த்தாவே, ஒரே ஒரு தரம். நாலு. இறக்கு. சிவப்பு.

சிவப்பு எரிகிறது. வந்துவிட்டது, மொத்தமும் வந்துவிட்டது, ஆம்ப் என் முதுகுக்குப் பின்னால் எழுந்து நிற்கிறது, முதல் சுரத்தை இழுத்துப் பிடிக்கிறேன், அது போய்ச் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது, கூடவே அடுத்தது, அடுத்தது. அண்ணாச்சி கையை அந்தப் பொத்தானிலிருந்து எடுத்துவிட்டார், சிரிக்கிறார். கிங்ஸ்லி தலையை ஆட்டுகிறான். மாப்பிள்ளைப் பையன் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து பெண்ணின் காதில் ஏதோ சொல்கிறான். எனக்கு ஐம்பத்தொரு வயசு, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, இந்தப் பதினாறு தாளக்கட்டு முடியவே வேண்டாம், இதற்குள்ளேயே இருந்துவிடலாம், இங்கே திங்கட்கிழமை கிடையாது. ஐந்து, ஆறு. சிவப்பு விளக்கு நன்றாக எரிகிறதா என்று இன்னொரு தரம் பார்க்கிறேன். எரிகிறது. பெட்டியின் மேல்பக்கம் ஈரமாக இருக்கிறது. யாரோ ரோஸ்மில்க்கைச் சிந்தியிருக்கிறார்கள். மேடைக்கு மேலே டம்ளரோடு வராதீர்கள் என்று எத்தனை தரம் சொன்னாலும். ஏழு. பெட்டிக்குள் இறங்கினால் ரிலே போய்விடும். எட்டு. ரோஸ்மில்க் பெட்டியின் மேல் மட்டும்தான் இருக்கிறது. சுற்றிலும் விரிப்பு காய்ந்திருக்கிறது, பெட்டியின் மேல் மட்டும், குமிழைச் சுற்றி மட்டும், என் ஷூ நின்ற இடத்தில் மட்டும். ஷூவை விரிப்பின் மேல் வைத்திருக்கிறேன். அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு வட்டம் பரவிக்கொண்டிருக்கிறது. விரல்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன, மேல் கம்பிக்குப் போய்விட்டன. பத்து. எத்தனை நேரமாக? காலையில் சாமான் இறக்கியதிலிருந்தா, நேற்றா? ஒன்றும் தெரியவில்லையே, ஒரு எறும்பு கடித்தால்கூட மனுஷனுக்குத் தெரியுமே. பன்னிரண்டு. இருக்கட்டும், பிறகு பார்க்கலாம், முதலில் இது முடியட்டும், பதினாறு முடிந்ததும் ஹெலன் அக்கா தனியாக எடுப்பாள், அந்த இடத்தில் ஊளை கூடாது, இன்னொரு மிதி, ஒரே மிதி. பதினாலு. தூக்கு. ஷூவின் அடியிலிருந்து ஒரு சொட்டு விழுகிறது, பெட்டியின் மேல்தான் விழுகிறது, பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினாறு. இறக்கு.

வழுக்கியது. கால் வழுக்கியதை நான் உணரவில்லை, பெட்டி தள்ளிப் போவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு முழம் தள்ளிப் போய், கம்பி இழுத்து, கோணலாக நிற்கிறது. சிவப்பு. எட்டவில்லை. ஹெலன் அக்கா மூச்சை இழுத்துவிட்டாள், இதோ எடுக்கப்போகிறாள், சங்கரன்கோவில், அந்தக் குழந்தை, என் கை தானாகக் கிட்டாரின் வால்யூமை அடியோடு திருகிவிட்டது. எதுவும் இல்லை. அக்காவின் குரல் மட்டும். அடியில் ஒரு கம்பி கூட இல்லாமல் அவள் தனியாகப் போகிறாள், தங்கையா அண்ணாச்சி நிமிர்ந்து பார்த்து, அவசரமாக மெல்லிசாக ஒரு சத்தத்தைக் கீழே விரிக்கிறார். நான் நிற்கிறேன். ஒரு எட்டு வைத்தால் பெட்டி. அந்த ஒரு எட்டை வைக்க முடியவில்லை. காலை எடுத்தால் விரிப்பில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும், எடுக்காத வரை யாருக்கும் தெரியாது. இப்படியே நின்றுவிடலாம். பாட்டு முடிந்து, பந்தி முடிந்து, ஜனமெல்லாம் போய், மண்டபத்தைக் கூட்டுகிறவர்களும் போன பிறகு எடுக்கலாம். ஹெலன் அக்கா என் பக்கம் திரும்பிப் பாடுகிறாள். அவள் கண் என் முகத்தில் இருந்தது, பிறகு கீழே போனது. குரல் ஒரு இம்மி அசையவில்லை. மைக்கோடு நாலு எட்டு நடந்து வந்தாள், கல்யாண வீட்டுக்காரர்களுக்கு ஏதோ ஒயிலாக நடந்து வருகிறாள் என்றுதான் தோன்றியிருக்கும், ஒத்திகையில் நான் செய்வதைப் பார்த்திருக்கிறாள், புடவைக் கரையை லேசாகத் தூக்கி, வெறுங்காலின் பெருவிரலால், அந்த ஈரத்தின் மேலேயே, குமிழை அமுக்கினாள். பச்சை. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வாசி என்று. வால்யூமைத் திருகினேன். வாசித்தேன். கடைசிச் சரணம் முழுக்க அவள் என் பக்கத்தைவிட்டு நகரவில்லை.

கைதட்டல் ஓய்வதற்குள் அவள் அண்ணாச்சியின் காதில் சொல்லிவிட்டாள். அண்ணாச்சி மைக்கில், பந்தி தயார், எல்லாரும் சாப்பிட்டு வாங்க, கால் மணி நேரத்தில் தொடருவோம் என்றார். கிங்ஸ்லி என்னைப் பிடித்து ஆம்பின் மேலேயே உட்காரவைத்தான். ஹெலன் அக்கா பட்டுப்புடவையோடு தரையில் உட்கார்ந்து என் ஷூவின் முடிச்சை அவிழ்த்தாள். "வேண்டாம்க்கா, நாத்தம் அடிக்கும்" என்றேன். "சும்மா இருடே" என்றாள். ஷூ கழன்று வரவில்லை. இழுத்தாள், வரவில்லை. ஏதோ பிடிக்கிறது என்று திருப்பிப் பார்த்தாள். அடியில் ஒரு வட்டத் தலை மினுங்கியது. மேடைத் துணி அடிக்கிற ஆணி. ஷூவின் அடியைத் துளைத்து, காலுறையைத் துளைத்து, என்னையும் சேர்த்து ஷூவோடு தைத்துவைத்திருந்தது. கிங்ஸ்லி முகத்தைத் திருப்பிக்கொண்டான். எடுக்க வேண்டாம், அப்படியே இருக்கட்டும், ஆஸ்பத்திரியில் எடுப்பார்கள் என்றார் அண்ணாச்சி. பிறகு என் முன்னால் குனிந்து, "இது எப்பல குத்திச்சு?" என்று கேட்டார்.

காலையில் படியேறியபோதா, ஆம்பைத் தூக்கிக்கொண்டு நாலு தரம் போய்வந்தபோதா, ஒத்திகையிலா. ஏதாவது ஒரு நேரத்தைச் சொல்லிவிடலாம், இப்பதான் அண்ணாச்சி, லீடுக்கு முன்னாலதான், வலியில கால் வழுக்கிட்டு என்று. நல்ல பொய். வாயில் வந்து நின்றது. மூவரும் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"தெரியல அண்ணாச்சி" என்றேன். "எனக்குக் கால் தெரியல. ஆறு மாசமாத் தெரியல. ஆஸ்பத்திரியில வந்து சேரச் சொல்லியிருக்காங்க, விட்டா விரல் போயிரும்னு, நான் போகல. புளோராவுக்கும் தெரியாது."

அண்ணாச்சி அப்படியே குனிந்த நிலையில் இருந்தார். "தென்காசியில அதானா?" என்றார். தலையை ஆட்டினேன். "நான் உன்னைய" என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் எழுந்து, டிரம்ஸுக்குப் பின்னால் போய், வேண்டுமென்றே எதையோ தேடுகிற மாதிரி நின்றார். ஹெலன் அக்காதான் என் செல்போனை வாங்கிப் புளோராவைக் கூப்பிட்டாள். ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். நான் அந்தப் பக்கத்துக் குரலைக் கேட்கப் பார்த்தேன், கேட்கவில்லை, பிறகு அக்கா, "நேரே அங்க வந்துருவா" என்று போனை என் சட்டைப்பையில் வைத்தாள்.

ஆட்டோ வந்தது. கிங்ஸ்லியும் மண்டபத்துக்காரர் ஒருவரும் என்னைத் தூக்கிக்கொண்டு பந்தி வாசல் வழியாகவே போனார்கள், வேறு வழி இல்லை, இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், இதற்குத்தான் பயந்தேன், இதோ நடந்துகொண்டிருக்கிறது, நடந்துபோய்விட்டது. அக்கா ஏறி உட்கார்ந்து என் காலை ஷூவோடு தன் மடியில் எடுத்துவைத்துக்கொண்டாள். வெளியே வெயில் கண்ணைப் பறித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கப் பார்த்தேன், முடியவில்லை, தோள் குலுங்கிக் குலுங்கி வந்தது. ஆட்டோக்காரப் பையன் கண்ணாடியில் என்னைப் பார்த்தான், மடியில் இருக்கும் ஷூவைப் பார்த்தான், ஆணியைப் பார்த்தான்.

"ரொம்ப வலிக்குதாண்ணே? பொறுத்துக்கோங்க, பத்து நிமிசத்துல போயிரலாம்."

"வலிக்கல தம்பி" என்றேன். "அதுக்குத்தான் அழுறேன்."